கடைசி ஆல்பத்துக்கு ஒரு மார்க் கூடப் போடலாமா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. படிப்பவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப் பள்ளி நாளிலிருந்து சம் 41 என்ற பங்க் ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அவர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட கடைசி ஆல்பத்தை, ‘ஹெவன் எக்ஸ் ஹெல்’லை, செம்பனை ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது காரில் போட்டிருக்கிறீர்கள். கண் கலங்கிவிட்டது. உங்கள் கூட்டாளியோ, “கலையப் போறோம்னு சொன்னா டிக்கெட் விற்கும், அவ்வளவுதான்லா” என்கிறார். அதனால் உங்களுக்குச் சந்தேகம். பழைய பங்க் ராக் குழு ஒன்று விடைபெறும்போது தருகிற ஆல்பத்தை எப்படி எடை போடுவது? பழகிய பாசத்துக்காக ஒரு மார்க் கூடப் போடலாமா?

போடக் கூடாது என்பது என் பதில். சாவு வீட்டில் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது நம் வழக்கம். கள்ளுக்கடையே கதியென்று கிடந்தவரையும் “தங்கமான மனுசன்” என்றுதான் சொல்வோம். அது இருக்கிறவர்களுக்காகச் சொல்லும் ஆறுதல், அதில் தப்பில்லை. ஆல்பம் சாவு வீடு இல்லையே. மரியாதைக்காகக் கைதட்டுவது பிடிக்காமல்தானே பங்க்கே பிறந்தது? அவர்களுக்குப் போய் மரியாதை மார்க் போட்டால், அவர்கள் பாடியது காதில் ஏறவில்லை என்று ஆகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் கேசட் கடை வைத்திருந்தவன். 2007-ல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயருக்கு மலாயில் ஒரு மாதிரியான அர்த்தமும் தொனிக்கும், மலாய்க்காரப் பையன்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அதற்கு முடிவு வந்தது. கடையில் ஓடியது சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, உறுமி மேளம், அப்புறம் எல்லா இனத்தாரும் வாங்கிய ஆலிகேட்ஸ் என்ற நம் நாட்டுக் குழு. ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டின் மூலையில் பங்க். கோலாலம்பூரில் கார்பரேட்டர் டங் மாதிரி பங்க் குழுக்கள் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது, ஆனால் எங்கள் ஊருக்கு அந்தக் காற்று வர நாளானது. 1995-ல் ராமோன்ஸ் குழுவின் கடைசி ஆல்பம் வந்தபோது நாலு கேசட் வரவழைத்தேன். மூன்று விற்றது. நாலாவது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதை வைத்தே தொடங்குகிறேன். விடைபெறும் ஆல்பம் என்றால் எனக்கு அளவுகோல் அதுதான்.

ராமோன்ஸ் 1974-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. 14 பாட்டு, 29 நிமிடம், செலவு சுமார் 6,400 டாலர். நம் கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட் முடிவதற்குள் அவர்கள் அந்த ஆல்பத்தையே முடித்திருப்பார்கள். கடைசி ஆல்பம் 14-ஆவது. பெயர் ‘அடியோஸ் அமீகோஸ்’, ஸ்பானிய மொழியில் நண்பர்களிடம் விடைபெறும் சொல். அட்டையில் இரண்டு டைனோசர், தலையில் மெக்சிகோத் தொப்பி. தங்களை அழிந்துபோன மிருகமாகத் தாங்களே வரைந்துகொண்டால் அப்புறம் யார் கிண்டல் செய்ய முடியும்? அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

உள்ளே 13 பாட்டு, 34 நிமிடம் சொச்சம். முதல் பாட்டு டாம் வெய்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் எழுதியது, வளர்ந்து பெரியவனாக எனக்கு விருப்பமில்லை என்று ஒரு குழந்தை சொல்வதுபோல. ஆல்பம் வெளிவந்தபோது பாடகர் ஜோயி ராமோனுக்கு 44 வயது. இருபது வருடமாகக் கிழிந்த ஜீன்சும் தோல் ஜாக்கெட்டுமாக நின்ற மனிதர் அந்த வரியைப் பாடினால் அது வேடிக்கையாகவும் இருக்கிறது, வயிற்றையும் பிசைகிறது. வேறொருவர் பாட்டை எடுத்துப் பாடுவதென்றால் இப்படி எடுக்க வேண்டும். எழுதியவரைவிடப் பாடுகிறவருக்கு அது பொருந்த வேண்டும்.

இன்னொரு விஷயம். பேஸ் கித்தார் வாசித்த டீ டீ ராமோன் 1989-லேயே குழுவை விட்டுப் போய்விட்டார். ஆனால் கடைசி ஆல்பத்தின் 13 பாட்டில் கிட்டத்தட்ட பாதியில் அவர் கை இருக்கிறது. கடைசிப் பாட்டில் அவர் குரலே வருகிறது, தொலைபேசி வழியாக, ஜெர்மன் மொழியில். சின்ன வயதில் அவர் வளர்ந்தது ஜெர்மனியில். வீட்டை விட்டுப் போன அண்ணன் குடும்பத்தின் கடைசி விசேஷத்துக்கு வராமல் போன் போட்டுப் பேசுகிற மாதிரி. அதைப் பற்றி ஆல்பத்தில் யாரும் எதுவும் விளக்கவில்லை, அழவுமில்லை. பாட்டு முடிகிறது, டேப் நிற்கிறது.

அந்தக் குழுவின் உள்கதை தெரிந்தால் இது இன்னும் ஆச்சரியம். பாடகர் ஜோயியும் கித்தார் ஜானியும் 1980-களின் தொடக்கத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே அரிது. ஒரே வேனில் பயணம், ஒரே மேடை, பேச்சு மட்டும் கிடையாது. (இதை நான் சுலபமாக நம்புவேன். நான் பேஸ் கித்தார் வாசித்த கல்யாணக் கச்சேரிக் குழுவில் கீபோர்டும் தபேலாவும் பல வருடம் பேசவில்லை. தாளம் மட்டும் ஒருநாளும் தப்பவில்லை.) ராமோன்ஸ் அப்படியே ஆல்பத்துக்குப் பிறகும் ஒரு வருடம் ஓட்டி, 1996 ஆகஸ்ட் 6-ல் ஹாலிவுட்டில் தங்கள் 2,263-ஆவது நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, அது அவர்களுடைய சிறந்த ஆல்பமா? இல்லை. டீ டீ முன்பு தனியாக ராப் செய்கிறேன் என்று போய்ப் போட்ட ஆல்பத்தின் ஒரு பாட்டைத் தூசி தட்டிச் சேர்த்திருக்கிறார்கள், அது இடத்தை அடைக்கிறது. ஒலியும் 1976-ஐவிட மழமழவென்று இருக்கிறது. நூற்றுக்கு 70 போடுவேன். அந்த 70-ல் ஒரு மார்க்கூட இரக்கத்துக்காகப் போட்டதில்லை, அதனால்தான் இதை அளவுகோல் என்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜோயி 2001 ஏப்ரலில் புற்றுநோயில் இறந்தார், 50 வயதுகூட ஆகவில்லை. அந்த ஆல்பத்தில் அவர் எழுதிய, வாழ்க்கை ஜாலியானது என்கிற ஒரு எளிய பாட்டு இருக்கிறது. 1995-ல் அது எனக்குச் சும்மா ஒரு பாட்டு. 2001-க்குப் பிறகு கேட்டால் தொண்டை அடைக்கிறது. பாட்டு மாறவில்லை, எனக்குத் தெரிந்த விஷயம்தான் கூடிப் போயிருக்கிறது. காரில் உங்களுக்குக் கண் கலங்கியதிலும் இதே கலப்படம் உண்டு. அழுகை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஆல்பத்தின் பங்கு எவ்வளவு, உங்கள் பதினைந்து வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ‘கடைசி’ என்ற சொல்லை மறைத்துவிட்டுக் கேட்பது. தெரிந்த நாம் மறக்க முடியாது, அதனால் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நான் என் மகளுக்குப் போட்டேன். அவளுக்கு இந்தக் குழு யாரென்றே தெரியாது, பேரும் சொல்லவில்லை. கோலசிலாங்கூர் போகிற சடக்கில், போகும்போது முதல் பாதி, வரும்போது இரண்டாம் பாதி. முதல் பாதியில் ‘லேண்ட்மைன்ஸ்’ வந்தபோது ஒலியைக் கூட்டினாள். இரண்டாம் பாதியில் ஏழாவதோ எட்டாவதோ பாட்டில், “அப்பா, இதைக் கொஞ்சம் முன்னாடி கேட்டுட்டோமே?” என்றாள். கேட்கவில்லை, அது வேறு பாட்டு. இந்த ஆல்பத்துக்கு இதைவிடக் கறாரான விமர்சனம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் சொல்ல என் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

அம்மா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதி கித்தா மரங்களுக்கு வயதாகி, எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப் போவதாக முடிவானது. மரத்தைச் சாய்க்கப் போகிறார்கள் என்றால் கடைசிக் காலத்தில் வெட்டு முறையே மாறிவிடும். சாதாரண நாளில் பட்டையை மெல்லிசாக, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுவார்கள். ஆழம் போய் மரத்தில் காயம் பட்டால் திட்டு விழும், ஏனென்றால் அந்தப் பட்டை மறுபடி வளர்ந்து பல வருடம் பால் தர வேண்டும். சாகப் போகிற மரத்துக்கு அந்தக் கவலை இல்லை. மேலே ஏணி வைத்து ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, பால் ஊற மருந்து வேறு தடவுவார்கள். பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழியும். அந்த வருடம் அம்மாவுக்குக் கையில் நல்ல காசு. எனக்கு முதல் ரேடியோ கேசட் அந்தக் காசில்தான் வந்தது.

அந்தப் பாலைப் பார்த்து யாராவது “மரம் நன்றாக இருக்கிறது” என்று சொன்னால் அம்மா சிரித்திருப்பார்.

விடைபெறும் ஆல்பத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பால் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு வெட்டைப் பார்க்கிறேன். கடைசி என்று அறிவித்தால் எல்லாம் நிரம்பி வழியும்: ஆல்பம், டிக்கெட், சட்டை, சிறப்பு வினைல். உங்கள் கூட்டாளி சொன்னது இந்த அளவில் சரிதான். ஆனால் நிரம்பி வழிவதே குற்றமும் ஆகாது. சாயப் போகிற மரத்தில் பாலை விட்டுவைப்பது புத்திசாலித்தனமா என்ன? நாளைக்கு இந்தக் குழு இல்லை என்னும்போது, இருக்கிற பாட்டையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பதும் மனித இயல்புதான். கை அப்போதும் ஒழுங்காகச் சீவியதா என்பதுதான் கேள்வி.

கை தவறினால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1985 ஆல்பம் ‘கட் தி கிராப்’ இருக்கிறது. அதை விடைபெறும் ஆல்பமாக யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் குழு உள்ளே முடிந்துபோயிருந்தது. டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனை 1982-ல் அனுப்பிவிட்டார்கள். பாட்டுகளில் பாதி உயிராக இருந்த மிக் ஜோன்சை 1983-ல் வெளியேற்றினார்கள். மானேஜரே தயாரிப்பாளராக உட்கார்ந்து டிரம் மெஷினைத் தட்டி, பந்து விளையாட்டு மைதானக் கோஷம் மாதிரி குரல்களைக் கொட்டினார். இங்கிலாந்தின் நிலையைப் பற்றி ஒரே ஒரு பாட்டு மட்டும் நெஞ்சில் நிற்கும். 1991-ல் அவர்கள் வரலாற்றைத் தொகுத்துப் பெட்டியாக வெளியிட்டபோது இந்த ஆல்பத்திலிருந்து ஒன்றையும் சேர்க்கவில்லை. பெற்றவர்களே பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

இப்போது உங்கள் சம் 41. கனடாவின் ஏஜாக்ஸ் என்ற ஊரில் 1996-ல் தொடங்கிய குழு. 2001 ஆல்பத்தில் வந்த ‘ஃபேட் லிப்’தான் நம் பையன்கள் எல்லாருக்கும் நுழைவாசல். விடைபெறும் ஆல்பத்தில் 20 பாட்டு. முதல் பத்து, ‘ஹெவன்’, பழைய துள்ளல் பங்க். பின் பத்து, ‘ஹெல்’, மெட்டல் கலந்த முரட்டு இசை. குழுவின் இரண்டு முகத்தையும் பிரித்து வைத்துக் காட்டும் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது.

எனக்கு முதல் பாதி பிடித்தது. காரணமும் இருக்கிறது. வேறு பாடகர்களுக்குத் துள்ளல் பங்க் பாட்டு எழுதித் தரச் சொல்லி, சம் 41-இன் பாடகர் டெரிக் விப்லியிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தபோது பாட்டு நன்றாக வந்துவிட்டதால் கொடுக்க மனமில்லாமல் தானே வைத்துக்கொண்டார். ஆகவே அந்தப் பாட்டுகள் பிறந்தபோது அவற்றின் தோளில் மாலையோ பொன்னாடையோ இல்லை. வழக்கமான நாளின் வெட்டு. ‘லேண்ட்மைன்ஸ்’ அமெரிக்காவின் பில்போர்டு மாற்று இசை வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘ஃபேட் லிப்’ 2001-ல் பிடித்த இடம், 22 வருடத்துக்கு மேல் கழித்து மறுபடியும். விடைபெறும் குழு என்ற இரக்கத்தால் மட்டும் அது நடந்திருக்காது. அந்தப் பாட்டு ஓடிப் பிடிக்கிற பாட்டு.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. விப்லி 2014-ல் குடியால் ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்து ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவர். ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கும் வயது 44, ஜோயிக்கு இருந்த அதே 44. அந்தக் குரலில் கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது. ‘ஹெவன்’ பாதியில் அதை மறைக்காமல் விட்ட இடங்கள்தான் நன்றாக இருக்கின்றன. வயதான பங்க் பாடகர் இருபது வயது மாதிரி பாட முயன்றால் எனக்குத் தலைமுடிக்கு மை பூசிய பெரியப்பா ஞாபகம் வரும். இங்கே அது குறைவு.

இரண்டாம் பாதியில்தான் தகராறு. வாசிப்பில் குறை சொல்ல முடியாது, டேவ் பக்‌ஷின் கித்தார் தனித்து நிற்கிறது. ஆனால் பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என் மகள் சொன்னது அதைத்தான். ரோலிங் ஸ்டோன்சின் ‘பெயிண்ட் இட் பிளாக்’கை எடுத்து வாசித்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உலகத்தில் பாதிக் குழுக்கள் வாசித்த பாட்டு, இவர்கள் கையில் வேகம் கூடியதே தவிர அர்த்தம் கூடவில்லை. ராமோன்ஸ் எடுத்த வெய்ட்ஸ் பாட்டோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அப்புறம் முடிவுப் பாட்டு. முடிவு எப்படித் தொடங்குகிறது என்று அதன் தலைப்பே அறிவித்துவிடுகிறது. பாட்டு மோசமில்லை, ஆனால் நான் அழ வேண்டிய இடம் எது என்று கோடு போட்டுக் காட்டுகிறது. டீ டீயின் தொலைபேசிக் குரலுக்குப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் அதிகம்.

20 பாட்டில் 12 எடுத்திருந்தால் 75 கொடுத்திருப்பேன். இருக்கிறபடி 65. என்னிடம் கேசட்டில் பதியச் சொன்னால் ‘ஹெவன்’ முழுவதும், ‘ஹெல்’லில் இரண்டு, அதோடு கேசட்டின் பக்கம் இரண்டைக் காலியாக விட்டுவிடுவேன். கடைக்காரன் புத்தி, காலி டேப்பும் விற்கும்.

கலைவதாகச் சொன்னது வியாபாரமா என்ற உங்கள் கூட்டாளியின் கேள்விக்கு நான் ரொம்ப நேரம் செலவிடமாட்டேன். 2025 ஜனவரி 30-ல் டொராண்டோவில் கடைசிக் கச்சேரி நடத்தி முடித்தார்கள், சொன்ன சொல் நின்றது. நாளைக்கே திரும்பி வந்தாலும் ஆல்பத்தின் மார்க் மாறாது. ராமோன்ஸ் மூட்டை கட்டிய அதே 1996-ல்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இங்கிலாந்து பங்க் குழு பணத்துக்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு மறுபடி சேர்ந்து சுற்றினார்கள். அதனால் அவர்களுடைய 1977 ஆல்பத்தில் ஒரு சுருதியும் இறங்கவில்லை. நம் வீட்டில் யாராவது வாசலில் நின்று “போறேன்” என்று சொல்லிவிட்டால் அம்மாமார் பதறிப்போய் “போயிட்டு வரேன்னு சொல்லு” என்று திருத்துவார்கள் இல்லையா? வருகிறவர்கள் வரட்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வேலை ஒன்று. இரண்டு வாரம் அந்த ஆல்பத்தைத் தொடாதீர்கள். அப்புறம் ஷிப்ட் முடிந்த ராத்திரியில் வேண்டாம், களைத்த உடம்புக்கு எல்லாப் பாட்டும் அழுகைதான். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். எந்தப் பாட்டில் கை தானாகத் தொடையில் தாளம் தட்டுகிறதோ அதை எழுதி வையுங்கள். என் கணக்கில் 12, உங்களுக்கு 15 வரலாம், சண்டை போடமாட்டேன்.

அம்மா கடைசியாக வெட்டிய நிரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். சாய்க்கும் வேலை மறுநாள் காலை தொடங்க இருந்தது. அன்றைக்கும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து இருட்டிலேயே போய், மெல்லிசாகத்தான் சீவியிருக்கிறார். “நாளைக்குச் சாயுற மரத்துக்கு என்னம்மா இவ்வளவு பதவிசு?” என்று வேலையைக் கண்காணிக்கும் தண்டல் கேட்டாராம். “எனக்குக் கை அப்படித்தான் போகுது” என்றாராம் அம்மா. பால் சேர்த்து முடித்ததும் மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளியோடு ஸ்டோருக்கு நடந்திருக்கிறார்.